கைமாறிய அறை: மருதமுனை மாணவரின் கொழும்பு

கல்முனை நகருக்கு வடக்கே, பாண்டிருப்புக்கும் பெரியநீலாவணைக்கும் நடுவில், கடலை ஒட்டிக் கிடக்கும் மருதமுனையிலிருந்து பல்கலைக்கழகம் சென்றோரைப் பற்றிய பேச்சு எழும்போது, யார் எந்தப் பட்டம் பெற்றார், எந்தப் பதவியில் அமர்ந்தார் என்பதே ஊரில் முதலில் சொல்லப்படும். அவர்கள் கொழும்பில் எங்கே படுத்தெழும்பினார்கள், யாருடைய குறிப்பைப் படித்துப் பரீட்சை எழுதினார்கள், மாதக் கடைசியில் யாரிடம் கைநீட்டினார்கள் என்பவை சொல்லப்படுவதில்லை. சொல்லப்படாத இந்தப் பகுதியில்தான் அக்கல்வியின் உண்மையான வரலாறு அடங்கியிருக்கிறது. அனுமதியைத் தந்தது அரசு. பாடத்தைத் தந்தது பல்கலைக்கழகம். ஆனால் தறியோசைக்கு நடுவில் வளர்ந்த ஓர் இளைஞனை, மொழியும் முகங்களும் தெரியாத ஒரு பெருநகரில் மூன்று நான்கு ஆண்டுகள் தரிக்க வைத்தது, ஊரவரிடையே ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறி வந்த வாடகை அறையே. ‘போடிங்’ என்று எல்லோரும் அழைத்த அந்த அறையை ஒரு கல்வி நிறுவனமாகவே கருத வேண்டும் என்பது, 1990களில் அத்தகைய அறையொன்றில் வாழ்ந்த இக்கட்டுரையாளரின் உறுதியான எண்ணம்.

கிழக்கிலிருந்து கொழும்புக்குப் படிக்கச் செல்லும் வழக்கம் பல்கலைக்கழகத்தோடு தொடங்கியதன்று. 1892இல் மருதானையில் தோன்றிய ஸாஹிரா கல்லூரியும் அதன் மாணவர் விடுதியும், பிள்ளையை வெளியூரில் வைத்துப் படிப்பிக்க வசதியுள்ள குடும்பங்களுக்கு, குறிப்பாகப் போடிமார் எனப்பட்ட பெருவயற் சொந்தக்காரருக்கு, முன்பே வழிகாட்டியிருந்தன. ஏழைக் குடும்பங்களுக்கு அந்த வழி திறந்தது சற்றுப் பிந்தித்தான். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ. எம். ஏ. அஸீஸ், இரண்டாம் உலகப் போர்க்கால உணவுத் தட்டுப்பாட்டின்போது நெல் விளைச்சலைப் பெருக்கும் பொறுப்போடு 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் பிறந்த அவர், வயலும் கடலும் தறியும் வாழ்வாக இருந்த இப்பிரதேசத்தில் திறமையுள்ள பிள்ளைகள் பணமின்மையால் பாதியில் படிப்பை விடுவதை அண்மையிலிருந்து கண்டார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார். 1948 முதல் 1961 வரை ஸாஹிராவின் அதிபராக இருந்து கிழக்கு மாணவருக்குக் கொழும்பை நெருக்கமாக்கினார். அன்றைய கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டமும் அதே 1945இல்தான் நடைமுறைக்கு வந்தது. பாடசாலைக் கட்டணம் என்ற சுவர் விழுந்த ஆண்டிலேயே, அதற்கப்பால் இருந்த தங்குமிடச் செலவு என்ற இரண்டாவது சுவரையும் அஸீஸ் கவனித்தார் என்பது நன்றியோடு நினைக்கத் தக்கது; ஏனெனில் மருதமுனை மாணவரைப் பிற்காலத்திலும் தடுத்து நிறுத்தியது அந்த இரண்டாவது சுவர்தான்.

மருதமுனையின் வீட்டுப் பொருளாதாரத்தை அறியாமல் அச்செலவின் பாரத்தை உணர முடியாது. ஊரின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது கைத்தறிச் சாரமும் சேலையும். நூலுக்குச் சாயம் போட்டு, கஞ்சி தோய்த்துக் காயவைத்து, நீளவாக்கில் இழைகளை இழுத்துக் கட்டும் பாவோட்டம் முடித்து, தறியில் ஏற்றி, நாடா எனப்படும் ஓடத்தை இப்புறமும் அப்புறமும் செலுத்திக் குறுக்கிழை கோத்து நெய்யும் வேலையில் வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரு பங்கு இருந்தது. பாடசாலை விட்டு வந்த பிள்ளை நூல் சுற்றிய பின்பே புத்தகத்தைத் தொட்டது. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவியவரை உள்ளூர்த் துணிக்கு நல்ல கிராக்கி இருந்தது. 1977இன் பின்னர் திறந்த பொருளாதாரக் கொள்கையால் வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து குவிந்தபோது பல தறிகள் ஓய்ந்தன, பல தந்தையர் வேறு தொழில் தேடினர். இதனோடு சேர்த்து நோக்க வேண்டிய வழக்கம் ஒன்றுண்டு. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே தாய்வழியில் தொடரும் ‘குடி’ என்ற உறவுப் பிரிவும், திருமணத்தின் பின் மாப்பிள்ளை மனைவியின் வீட்டுக்குச் சென்று வாழும் முறையும் நிலைபெற்றுள்ளமையால், ஒவ்வொரு பெண்பிள்ளைக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுப்பது தகப்பனின் கடமை, தகப்பனால் முடியாதவிடத்து அண்ணன் தம்பியரின் கடமை. இரண்டு சகோதரிகள் உள்ள ஓர் இளைஞன் கொழும்பில் படிக்கும் ஒவ்வொரு மாதமும், ஊரில் எழும்பாமல் நிற்கும் ஒரு சுவருக்குரிய கல்லும் சீமெந்தும் அவனுடைய சோற்றுக்கும் பஸ்ஸுக்கும் போயின. அதை வீட்டில் எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. விடுமுறையில் வீடு திரும்பும்போது அரைகுறையாக நிற்கும் அத்திவாரம் தானாகவே தெரிந்தது.

பல்கலைக்கழக அனுமதி முறை இம்மாணவருக்கு ஓரளவு துணை நின்றது. க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றை மட்டும் நாடளாவிய முறையில் ஒப்பிட்டால் நகரப் பாடசாலைகளே எல்லா இடங்களையும் பிடித்துக்கொள்ளும் என்பதால், 1990களின் நடைமுறையில் 40 வீதமான இடங்கள் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்குமாகப் பகிரப்பட்டன. அம்பாறை அவ்வாறு வசதி குறைந்த மாவட்டங்களுள் ஒன்று. ஒரு மாவட்டத்திலிருந்து ஒரு துறைக்குத் தெரிவான கடைசி மாணவரின் புள்ளியை ‘வெட்டுப்புள்ளி’ என்பர்; அது பத்திரிகையில் வெளியாகும் நாளில் அல்-மனார், ஷம்ஸ் ஆகிய இரு மத்திய கல்லூரிகளையும் சுற்றியுள்ள தேநீர்க் கடைகளில் வேறு பேச்சு இருக்காது. தெரிவானவுடன் படிப்புத் தொடங்கிவிடுவதும் இல்லை. 1980களின் இறுதியில் தெற்கில் எழுந்த கிளர்ச்சியால் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் மூடிக் கிடந்தமையால், அடுத்தடுத்த அணிகள் தேங்கி, பதினெட்டு வயதில் பரீட்சை எழுதியவர்கள் இருபத்தொன்று, இருபத்திரண்டில் முதலாம் வருட மாணவராயினர். இடைக்காலத்தில் சிலர் தறியில் இருந்தனர், சிலர் ரியூசன் கொடுத்தனர், சிலர் மத்திய கிழக்குக்குப் போய்த் திரும்பி வரவேயில்லை.

கொழும்புப் பல்கலைக்கழகம் 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பித்த இடத்திலேயே நிற்கிறது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்ததும் இங்கேதான்; 1952இல் அதன் மையம் பேராதனைக்குப் பெயர்ந்த பின்னரும் மருத்துவமும் வேறு சில துறைகளும் கொழும்பில் தங்கின; 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பேராதனையில் மாணவன் மலையடிவாரத்து விடுதியில் வாழ்ந்து, விடுதியில் உண்டு, நூலகத்துக்கு நடந்து சென்றான். கொழும்பிலோ முதலாம் வருடத்தினர், இறுதி வருடத்தினர் என்ற ஒழுங்கில் வழங்கப்பட்ட விடுதி இடங்கள் போதாதவை. மற்றையோர் நகரத்துக்குள் தாமே இடம் தேட வேண்டும். மொறட்டுவையிலும் களனியிலும் ஸ்ரீ ஜயவர்தனபுரவிலும் பயின்றோரின் நிலையும் ஏறத்தாழ இதுவே. எனவே கொழும்பில் படிப்பது என்றால் கொழும்பில் குடித்தனம் செய்வது என்று பொருள்.

‘போடிங்’ எனப்பட்ட அந்த அறையை இனி அண்மையில் வைத்துப் பார்க்கலாம். தெமட்டகொடையில் ஓர் ஒழுங்கையின் கடைசியில், வீட்டுக்காரியின் சமையலறைக்கு மேலே, வெளிப்புற மரப்படியால் ஏறிச் செல்லும் ஓர் அறை. நான்கு கட்டில்கள், அவற்றில் ஆறு பேர், பரீட்சைக் காலத்தில் எட்டுப் பேர். சுவரில் ஆளுக்கொரு ஆணி. ஆணிக்குக் கீழே அவரவர் தகரப் பெட்டி. யன்னலுக்குத் திரையாக, ஓரத்தில் நெசவுப் பிழை விழுந்ததால் விற்க முடியாமற்போன ஒரு மருதமுனைச் சாரம். மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பு, சோற்றுப் பானை, அதன் மூடியாகவும் கறித் தட்டாகவும் பயன்பட்ட ஓர் அலுமினியத் தட்டு. இவை எவருடைய சொந்தமுமல்ல. படிப்பு முடித்துச் செல்பவர் தம் உடுப்பையும் புத்தகங்களிற் சிலவற்றையும் மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுச் செல்ல, ஊரிலிருந்து புதிதாக வருபவர் அந்த ஆணியையும் அந்த இடத்தையும் பெற்றார். வீட்டுக்காரியோடு எழுத்தில் உடன்படிக்கை கிடையாது. அறை ஒருபோதும் காலியாவதில்லை, ஆட்கள்தாம் மாறுகிறார்கள் என்பதால், ஆள் தேடும் கவலை அவருக்கும் முற்பணம் தேடும் கவலை மாணவருக்கும் இல்லாது போயிற்று.

கைமாறியவற்றுள் பொருளைவிடப் பெறுமதியானது நம்பிக்கை. ஒழுங்கை முகப்பிலிருந்த பலசரக்குக் கடையின் கடன் கொப்பியில் மாணவரின் தனிப்பெயர்கள் எழுதப்பட்டிருக்கவில்லை. ‘மருதமுனை ரூம்’ என்று ஒரு பக்கம் இருந்தது. அரிசி, தேங்காய், சீனி, தேயிலை என்று அந்தப் பக்கத்தில் ஏறிய கடனை ஒருவர் தீர்க்காமல் ஊர் திரும்ப நேர்ந்தால், எஞ்சியிருப்போர் அதைப் பகிர்ந்து கட்டினர். அவ்வாறு கட்டாமல் அந்தப் பக்கம் மூடப்பட்டிருந்தால், பின்னால் வரும் பல ஆண்டுகளின் மாணவர் பட்டினி கிடந்திருப்பர். தன் பெயரில் இல்லாத கடனைத் தன்னுடையதாக ஏற்பதை இம்மாணவர் எந்த விரிவுரையிலும் கற்கவில்லை. அறையில் மூத்தவர் ‘காக்கா’ எனப்பட்டார். இரத்த உறவு இருக்க வேண்டியதில்லை, ஊரும் வயதும் போதும். யார் எப்போது சமைப்பது, யார் ஊருக்குப் போகும் நண்பரிடம் கடிதம் கொடுத்தனுப்புவது, காய்ச்சல் கண்டவரை யார் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்வது என்பவற்றையெல்லாம் அவரே தீர்மானித்தார். புதியவர் முதல் சில மாதங்கள் பாயில் படுத்தார். ஒவ்வோர் இரவும் இஷா தொழுகைக்குப் பின் ஆங்கிலப் பத்திரிகையின் ஒரு பத்தியை அவர் உரக்க வாசிக்க வேண்டும். பிழை விடும் இடத்தில் காக்கா நிறுத்துவார், மறுபடி வாசிக்கச் சொல்வார். கிண்டல் செய்வதற்கு அனுமதியில்லை.

மொழி குறித்து இங்கு சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உயர்தரம் வரை எல்லாவற்றையும் தமிழிலேயே கற்று வந்த ஒரு மாணவர், மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ தெரிவானால் முதல் நாளிலிருந்து ஆங்கிலத்தில் கற்க வேண்டியிருந்தது. கலைத்துறையினர் தமிழில் விடை எழுத முடிந்தாலும், படிக்க வேண்டிய நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. இந்த இடைவெளியை நிரப்பியது ‘குப்பி’. மின்சாரமற்ற வீடுகளில் கண்ணாடிப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்டு எரித்த குப்பி விளக்கின் பெயரால் வழங்கிய இச்சொல், மூத்த மாணவர் இளையோருக்கு இரவில் இலவசமாக நடத்தும் பாடத்தைக் குறிக்கும். இலங்கைப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றிலும் சிங்கள மாணவரிடையேயும் தமிழ் மாணவரிடையேயும் இவ்வழக்கம் உண்டு. தெமட்டகொடை அறையின் குப்பியில் பயன்பட்ட பொருளியல் குறிப்புக் கட்டொன்று இக்கட்டுரையாளரின் கைக்கு வந்தபோது அதில் நான்கு கையெழுத்துகள் இருந்தன. முதலாமவர் ஆங்கில நூலொன்றின் அத்தியாயங்களைத் தமிழில் சுருக்கியிருந்தார். இரண்டாமவர் ஓரங்களில் இலங்கைப் புள்ளிவிபரங்களைச் சேர்த்திருந்தார். மூன்றாமவர் கடந்த காலக் கேள்விகளை உரிய பந்திகளுக்கு நேரே சிவப்பு மையால் குறித்திருந்தார். நான்காமவர், முதலாமவர் பிழையாக விளங்கிக்கொண்ட ஒரு வரைபடத்தை வெட்டி, சரியானதை ஒட்டியிருந்தார். அச்சேறாத அந்த நூலுக்கு நிகரான பாடநூல் அப்போது தமிழில் இருக்கவில்லை. அதை எழுதியவர்களுள் எவரும் அதற்காகப் புகழோ ஊதியமோ பெறவில்லை என்பதையும் பதிந்து வைக்க வேண்டும்.

பகிடிவதை, அதாவது புதுமுக மாணவரை மூத்தோர் கேலியென்ற பெயரில் துன்புறுத்துவது, அக்காலத்துப் பல்கலைக்கழகங்களின் தீராத நோய். கிராமப்புறத்து மாணவரே அதற்கு முதலில் இரையாயினர். அறைக்குத் திரும்பினால் பேசாமல் தேநீர் ஊற்றிக் கொடுக்க ஒருவர் இருந்தார் என்பதால் அதைத் தாங்கிக்கொண்டவர்களும், அப்படியொருவர் இல்லாததால் படிப்பையே விட்டு ஊர் திரும்பியவர்களும் உண்டு. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத மனமில்லை.

அறைக்கு வெளியே நகரம் இருந்தது, அதுவும் ஓர் ஆசானாகவே இருந்தது. புறக்கோட்டையிலிருந்து பல்கலைக்கழகப் பக்கமாக நுகேகொடைக்கு ஓடும் 138ஆம் இலக்கப் பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கியபடியே பலர் சிங்களம் கற்றனர்; நடத்துநரின் ‘இஸ்ஸரஹட யன்ட’ என்ற கூவலில், முன்னே நகருங்கள் என்ற கட்டளையில், தொடங்கிய அம்மொழி, இறுதி வருடத்தில் சிங்கள நண்பரின் வீட்டுத் திருமணத்தில் பேசும் அளவுக்கு வளர்ந்தது. மருதமுனையில் கடல் கிழக்கே இருப்பதால் கிப்லாவை நோக்கித் தொழுவோர் கடலுக்கு முதுகு காட்டி நிற்பர். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தொழுவோருக்குக் கடல் முன்னே இருந்தது. காலிமுகத்திடலில் சூரியன் கடலில் இறங்குவதை முதன்முதலாகப் பார்த்த கிழக்கு மாணவர், இரவு கொத்துரொட்டிக் கடைகளின் தகட்டோசை அடங்கும்வரை காலி வீதியில் நடந்தனர். நடப்பதற்குக் காசு தேவைப்படவில்லை. நோன்பு மாதத்தில் நகர மண்டபத்தருகே உள்ள தெவட்டகஹப் பள்ளிவாசலிலும் ஏனைய பள்ளிகளிலும் நோன்பு திறக்கக் கஞ்சி கிடைத்தது; அந்த மாதத்தில்தான் சோற்றுச் செலவு குறைந்து கையில் சிறிது பணம் மிஞ்சியது.

அப்பணம் சென்ற இடம் பெரும்பாலும் புத்தகக் கடை. புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீனும், சிறுகதையாளர் மருதூர்க்கொத்தனும், கவிஞர் மருதூர்க்கனியும் வாழ்ந்த ஓர் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு எழுத்தார்வம் புதிதன்று. ஆனால் ஊரில் ஒரு புத்தகம் பத்துக் கைகள் மாறிக் கிழிந்து வந்து சேரும். வெள்ளவத்தையில் பூபாலசிங்கம் புத்தகசாலையின் அடுக்குகளுக்கிடையே, வாங்காமலே, நின்றபடி ஒரு நாவலைப் பல மாலைகளில் வாசித்து முடிக்க முடிந்தது, கடைக்காரர் தடுத்ததில்லை. 1942இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகமும், விகாரமகாதேவிப் பூங்காவுக்கு முன்னாலுள்ள பொது நூலகமும் அறையின் நெரிசலுக்கு மாற்றாக அமைந்தன. தமிழ்ச் சங்க மண்டபத்தின் நூல் வெளியீடுகளில், பத்திரிகையில் பெயராக மட்டுமே தெரிந்த எழுத்தாளர்கள் அடுத்த கதிரையில் அமர்ந்திருந்தனர். இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையில் நாடகத்துக்கும் கவிதைக்கும் குரல் கொடுத்துச் சிறு தொகை ஈட்டியோரும், வாரப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதியோரும் இம்மாணவரிடையே இருந்தனர். ஊரில் வாப்பாவும் உம்மாவும் தறியை நிறுத்திவிட்டு வானொலியில் மகனின் குரலைக் கேட்ட வீடுகள் மருதமுனையில் சில உண்டு. ஒரு கிராமத்து இளைஞன் தன் சிந்தனைக்கு அந்நியர் செவி கொடுப்பதை முதன்முறையாக உணரும் வாய்ப்பைப் பெருநகரமே தருகிறது. பாடத்திட்டம் எவ்வளவு சிறந்ததாயினும் அதை ஈடுசெய்யாது.

பணத்தைப் பொறுத்தவரை, 1981இல் அமைச்சர் லலித் அத்துலத்முதலி ஏற்படுத்திய மகாபொல நம்பிக்கை நிதியமே பலருக்கு மாதாந்த ஊன்றுகோல். வர்த்தகக் கண்காட்சிகளின் வருவாயில் தொடங்கிய அந்நிதிக்கு லொத்தர் வருமானமும் சேர்ந்தபோது, அதை ஒரு முஸ்லிம் வாங்கலாமா என்ற விவாதம் அறையில் பல இரவுகள் நடந்தது. வாங்காமல் விட்டவரும் இருந்தார், அவருக்கு மற்றவர்கள் சோற்றுச் செலவில் சலுகை கொடுத்தனர். கொடுப்பனவு தாமதிக்கும் மாதங்களில், ஊரிலிருந்து பஸ்ஸில் வரும் சாரக் கட்டுகளை மாணவர் புறக்கோட்டைக் கடைகளுக்கும் விரிவுரையாளர் வீடுகளுக்கும் கொண்டுபோய் விற்றனர்.

ஊருக்கும் கொழும்புக்கும் இடையிலான தூரம் முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்டது; அம்பாறை, மகியங்கனை, கண்டி வழியாக மலையேறி இறங்கும் பஸ் இரவு முழுவதும் ஓடும். போர்க்காலத்தில் அப்பயணத்தின் நீளம் சோதனைச் சாவடிகளால் அளக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து கடந்து, மறுபடி ஏற வேண்டும். வடக்கு, கிழக்கில் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டையில் விபரங்கள் சிங்களத்தோடு தமிழிலும் எழுதப்பட்டிருந்தமையால், அட்டையை நீட்டியவுடனேயே அதை வைத்திருப்பவர் எங்கிருந்து வருகிறார் என்பது தெரிந்துவிடும். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளில் உறவினரை இழந்தோர் கிழக்கு முஸ்லிம்களிடையே எங்கும் இருந்தனர். ஆயினும் கொழும்புச் சாவடியில் அவர்களும் கிழக்கிலிருந்து வந்த தமிழ் பேசும் இளைஞர்களே, சந்தேகத்துக்குரியோரே. 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கிக் கட்டடம் தாக்கப்பட்ட பின்னரும், அவ்வாண்டு ஜூலை 24இல் தெகிவளையில் ரயிலில் குண்டு வெடித்த பின்னரும் இரவுச் சோதனைகள் கடுமையாயின. அறையில் வசிப்போரின் பெயர்களைப் பொலிஸில் பதிந்து, அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வெளியே போவது வழக்கமாயிற்று. நள்ளிரவில் கதவு தட்டப்பட்ட வேளைகளில், ‘இவங்க எங்கட பிள்ளைகள்’ என்று படியின் கீழே நின்று சிங்களத்தில் உறுதி சொன்ன வீட்டுக்காரியைப் போன்றோரால்தான் பலருடைய படிப்புக் காப்பாற்றப்பட்டது. அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர்.

இதுவரை சொன்ன அறைகள் அனைத்தும் ஆண்களுடையவை. பெண்களுக்கு அந்தக் கைமாற்றம் ஏற்கெனவே இருக்கவில்லை. அவர்கள் அதைப் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. வெட்டுப்புள்ளிக்கு மேலே பெற்றும், கொழும்பில் எங்கே தங்குவது என்ற ஒரே கேள்வியால் இடத்தைத் துறந்து ஆசிரியத் தொழிலுக்கு விண்ணப்பித்த பெண்பிள்ளைகள் ஊரில் இருந்தனர். அவர்களுடைய புள்ளிகள் பல ஆண்களுடையவற்றைவிட உயர்ந்தவை என்பதை நினைக்கும்போது வேதனையாக இருக்கிறது. முதலில் சென்றவர்கள் தெகிவளையிலும் மாளிகாவத்தையிலும் இருந்த தூரத்து உறவினர் வீடுகளில், வீட்டு வேலையில் பங்கெடுத்துக்கொண்டு படித்தனர். மகளைக் கொண்டுபோய்விட வந்த ஒரு வாப்பா, மூன்று நாள் நகரத்தில் தங்கி, பல்கலைக்கழக வாயிலிலிருந்து அவ்வீடு வரை பஸ்ஸில் பலமுறை போய்வந்து, எந்தத் தரிப்பில் இறங்க வேண்டும் என்பதை மனனம் செய்து, அறைக் கதவின் தாழ்ப்பாளைத் தானே புதிதாக வாங்கிப் பூட்டிவிட்டு ஊர் திரும்பினார். அந்த மகளைப் பின்பற்றி அடுத்த ஆண்டில் இருவர் வந்தனர். அவர்களுக்கு அவர் ‘ராத்தா’, அதாவது அக்கா, ஆனார். பல்கலைக்கழகப் பெண்கள் விடுதியில் கிடைத்த இடத்தையும் குறிப்புக் கட்டுகளையும் அவர்களுக்குக் கொடுத்துச் சென்றார். ஆண்கள் பல ஆண்டுகளில் கட்டிய வலையை, கண்காணிப்பும் வதந்தியும் மிகுந்த சூழலில், அப்பெண்கள் விரைவிலேயே கட்டி முடித்தனர்.

1990இல் போர் மீண்டும் மூண்டதால் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் முஸ்லிம் மாணவர் செல்ல முடியாத நிலை தோன்றியதே, தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிறப்புக்கு உடனடிக் காரணமாயிற்று. அமைச்சர் எம். எச். எம். அஷ்ரப்பின் முயற்சியால் 1995 ஒக்டோபரில் அட்டாளைச்சேனையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்து, ஒலுவிலில் நிலைகொண்ட அது, மருதமுனையிலிருந்து பஸ்ஸில் நாள்தோறும் போய்வரக்கூடிய தூரத்தில் உள்ளது. காலையில் வீட்டில் புட்டுத் தின்றுவிட்டுச் சென்று மாலையில் திரும்பி வரலாம் என்றானதும், இடத்தைத் துறக்க வேண்டிய நிர்ப்பந்தம் பெண்பிள்ளைகளுக்கு நீங்கிற்று. இன்று ஊரில் பட்டம் பெற்ற பெண்களின் தொகை முன்பு எவரும் எண்ணிப் பாராத அளவுக்கு உயர்ந்திருப்பதற்கு ஒலுவிலே முதற்காரணம். அந்த ஆதாயத்துக்கு முன்னால் வேறெந்த இழப்பும் சிறியதுதான். எனினும் இழப்பு உண்டு. வீட்டிலிருந்து விரிவுரைக்குச் சென்று வீட்டுக்கே திரும்பும் மாணவர், பிற இனத்தவரின் நடுவில் வாழ்ந்ததில்லை, அந்நிய மொழியில் சண்டையிட்டுச் சமாதானமானதில்லை, தம் ஊரின் வழக்கங்களைத் தொலைவில் நின்று பார்த்ததில்லை. போரால் பிரிந்த சமூகங்கள் ஒன்றையொன்று அறிய வேண்டிய காலத்தில் இக்குறைபாடு கவலைக்குரியது. பரிமாற்றத் திட்டமாகவோ, ஒரு வருடக் கட்டாய வெளியூர்க் கல்வியாகவோ இதற்கு மாற்றுக் காண்பது பல்கலைக்கழகங்களின் பொறுப்பு.

கொழும்பு வலையின் முழு வலிமையும் வெளிப்பட்டது 2004 டிசம்பர் 26இல். மருதமுனையின் கடலோரக் குடியிருப்புகள் ஆழிப்பேரலையால் அழிந்தன என்ற செய்தி அன்று பகலிலேயே கொழும்பை எட்டிற்று. தொலைபேசி இணைப்பு அறுந்திருந்தது. தெமட்டகொடை, வெள்ளவத்தை, மொறட்டுவை அறைகளிலிருந்த மாணவரும் பழைய மாணவரும் அன்றிரவே ஒன்றுகூடி, உடுப்பும் உலர் உணவும் மருந்தும் திரட்டி லொறிகளில் ஏற்றினர். நன்கொடை தந்தோரில் சிங்கள வகுப்புத் தோழர்களும் வெள்ளவத்தைத் தமிழ்க் குடும்பங்களும் அடங்குவர். பலசரக்குக் கடைக்காரர் கொப்பியை மூடி வைத்துவிட்டு அரிசி மூட்டைகளை இறக்கிக் கொடுத்தார்.

தெமட்டகொடை அறை இப்போது இல்லை. வீட்டுக்காரி காலமானபின் அவ்விடத்தில் மாடிக் கட்டடம் எழுந்துவிட்டது. மருத்துவம், பொறியியல், சட்டம் போன்ற துறைகளுக்காக மருதமுனைப் பிள்ளைகள், அவர்களுள் கணிசமான பெண்கள், இன்றும் கொழும்புக்குச் செல்கின்றனர். அறையைக் கைத்தொலைபேசியில் தேடுகின்றனர். பல மாத வாடகையை முற்பணமாகக் கேட்கும் வீட்டுக்காரரிடம் தனித்தனியே மாட்டிக்கொள்கின்றனர். பக்கத்து ஒழுங்கையில் ஊரவர் ஒருவர் இருப்பதே தெரியாமல் வருடத்தைக் கழிக்கின்றனர். அன்று ஏழை மாணவர் ஆறு பேர் கூடி நடத்திய ஒன்றை, அவர்களே இன்று மருத்துவராகவும் பொறியியலாளராகவும் அதிபராகவும் அரச அதிகாரியாகவும் இருக்கையில் நடத்த முடியாது என்பதற்கு நியாயமில்லை. பல்கலைக்கழகத்துக்கு எட்டும் தூரத்தில், பெண்களுக்கு ஒன்றும் ஆண்களுக்கு ஒன்றுமாக இரண்டு வீடுகளை ஊரின் பெயரில் நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்து, வாடகையின் ஒரு பங்கை மாணவரும் மறு பங்கைப் பழைய மாணவரும் ஏற்பதே முதல் வேலை. பெண்களின் வீட்டை முதலில் தொடங்க வேண்டும்.